பதினான்காவது சீட்டு

போன மாதம் பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு மூன்றாவதாக வந்திருக்கும் பெண். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். பதிவறையைக் காலி செய்கிறார்களாம். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதால் பழைய காகிதங்களுக்கு இனி வேலை இல்லையாம். நான் வருஷக்கணக்கில் தும்மித் தும்மிக் காத்த காகிதங்கள். சரி, போகட்டும்.

"சார், மேல் தட்டுல ஒரு பிஸ்கட் டின்னு கீது சார். மூடியில நீட்டா வெட்டி வச்சிகிறீங்க. உண்டியலா சார் இது? உள்ள கவர் கவரா ஒட்டி கீது. தூக்கிப் போட்டுடவா?"

"போடாதம்மா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. 

"இன்னா சார் கீது அதுல?" என்று பிறகு மெதுவாகக் கேட்டாள்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, இத்தனை வருஷம் ஆகியும் இதைப் பட்டப்பகலில், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் என்னால் எழுத முடிகிறது.

நான் கண்ணமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரன். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. பத்தாவது, டைப்ரைட்டிங் லோயர், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு நீண்ட காத்திருப்பு, அப்புறம் ஆரணியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மணி அடிக்கிற வேலை. அங்கேயே பதிவறை எழுத்தராக உயர்ந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாக அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அந்தப் பெருமையில் மேலே இருப்பவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே பல வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்தக் காலத்தில் ஆசிரியர் கூட்டம் என்றால் கூட்டம் நடக்காது, தீர்மானப் புத்தகம் மட்டும் நடக்கும். தலைமை ஆசிரியர் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி, கீழே 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று முடித்து என்னிடம் கொடுப்பார். நான் வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு போவேன். பாடம் நடத்திக்கொண்டே, படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார்கள். ஒரே ஒருவர்தான் படிப்பார். ஓவிய ஆசிரியர் ஏகாம்பரம். என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு வரிவரியாகப் படிப்பார். படித்து முடித்துக் கையெழுத்துக்குக் கீழே 'எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதுவார். பத்துத் தீர்மானத்தில் ஒன்பதுக்கு அப்படித்தான். அதனால் எதுவும் நின்றுவிடாது. ஆனாலும் எழுதுவார். கரும்பலகையில் வரைந்ததை உள்ளங்கையாலேயே அழிப்பவர் என்பதால் அவர் விரல் எப்போதும் வெள்ளை. புத்தகத்தில் அவர் தொட்ட பக்கங்கள் எல்லாவற்றிலும் சாக்பீஸ் பொடித் தடம் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பள்ளி திறந்தபோது ஆசிரியர் அறையில், பின்சுவரை ஒட்டி அவர் உட்காரும் மர நாற்காலி அப்படியே இருந்தது. யாரும் உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை.

அதே ஜூன் மாதத்தில்தான் தெய்வசிகாமணி சார் தலைமை ஆசிரியராக வந்தார். வந்த அன்றே தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார்.

"எல்லாமே ஏகமனதா இருக்குதே. ஒருத்தர் சம்மதமில்லைன்னு எழுதினதுக்கும் ஏகமனதுதான். ஒரு வீட்டுல நாலு பேர் இருந்தாலே சட்னிக்குச் சண்டை வரும். இங்க பதிமூணு ஆசிரியருங்க. இது எப்படிங்க?"

நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். மிக மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். கடைநிலை ஊழியர் வரைக்கும் எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். ஒரு விஷயம் அவருக்கு ஒப்பவில்லை என்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைப்பார், மறுபடி மாட்டிக்கொள்வார், அதற்குப் பிறகுதான் பதில் வரும். அந்த இடைவெளிக்கு எல்லோருக்கும் பயம்.

இனி எதையும் அனைவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? சின்ன ஊர். ஒருவர் தம்பி இன்னொருவருக்கு மாப்பிள்ளை, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர்தான் பட்டு எடுத்துக் கொடுத்தவர். எதிர்த்துப் பேசிவிட்டுச் சாயங்காலம் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? அதற்காகத்தான் அவர் அந்த டின்னைக் கண்டுபிடித்தார்.

முறை இப்படி. பழைய விடைத்தாள்களில் எழுதாத பக்கங்களைக் கிழித்து, மடித்து, ஸ்கேலை வைத்து இரண்டு விரல் அகலத்துக்கு நான் பதிமூன்று சீட்டு வெட்ட வேண்டும். பென்சில்கள் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் பாதிப் பாதியாக வெட்டியவை. எழுத்து கூடாது, எழுத்தில் ஆள் தெரிந்துவிடும். சம்மதம் என்றால் சரிக்குறி, இல்லை என்றால் பெருக்கல் குறி. ஆசிரியர் அறையின் மூலையில் பீரோவுக்குப் பின்னால் ஒரு முக்காலி, அதன்மேல் டின், பக்கத்தில் குடிதண்ணீர்ப் பானை. ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். தலைமை ஆசிரியருக்கு ஓட்டுக் கிடையாது. நான் டின்னைத் திறந்து, சீட்டுகளைப் பிரித்து, மேஜைமேல் வலது பக்கம் சரி, இடது பக்கம் பெருக்கல் என்று இரண்டு வரிசையாக அடுக்க வேண்டும். எண்ணி முடித்ததும் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின்மேல் அவர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார்.

சுற்றறிக்கையில் 'அனைத்துப் பணியாளர்களும் கலந்து முடிவெடுக்கும் முறை' என்று நான்தான் தட்டச்சு செய்தேன். அனைத்துப் பணியாளர்கள் என்றால் பதிமூன்று ஆசிரியர்கள். அலுவலகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்கப் பூங்காவனம். நாங்கள் இரண்டு பேரும் எந்தக் கணக்கிலும் இல்லை. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

முதல் ஓட்டே என் பதிவறையைப் பற்றித்தான். அதில் பாதியைத் தடுத்து விளையாட்டுச் சாமான்கள் வைக்கலாமா என்று. என் அறை, என் மூச்சு முட்டும் அறை, அதில் எனக்கு ஒரு சொல் கிடையாது. சீட்டு வெட்டும்போது கை பதினான்காவதாக ஒன்று வெட்டியது. அதில் பெருக்கல் குறி போட்டு, பதிவறையிலேயே டின்னுக்குள் தள்ளிவிட்டுத்தான் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். அதுவரை வாழ்க்கையில் நான் யாரையும் எதிர்த்து 'மாட்டேன்' என்று சொன்னவன் இல்லை. அன்றைக்கு ஏன் அந்தக் கை அப்படிப் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிரித்து அடுக்கினேன். வலது பக்கம் ஏழு. இடது பக்கம் ஏழு.

"இன்னொரு தடவை எண்ணுங்க" என்றார் தலைமை ஆசிரியர்.

எண்ணினேன். பதினான்கு. இதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஓட்டுப் போட்டால் எண்ணிக்கை கூடும் என்கிற சின்னக் கணக்குக்கூட என் புத்தியில் ஏறவில்லை.  சொல்லிவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கணித ஆசிரியர் ருக்மாங்கதன் பேசிவிட்டார்.

"ஏகாம்பரம் சார் இருந்திருந்தா இதுக்கு வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். எல்லோரும் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தார்கள். யாரோ எப்போதோ வைத்துவிட்டுப் போன ஒரு சாக்பீஸ் துண்டு அதன்மேல் கிடந்தது. அது நகர்ந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. நாங்கள் பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு விளிம்புக்கு வந்து, டக்கென்று தரையில் விழுந்தது. அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம், நாற்காலியே மிக லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தலைமை ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சமமா வந்திருக்குது. இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்" என்றார். என் அறை தப்பித்தது.

இரண்டாவது முறை, காலை மணி அடித்ததும் கேட்டைப் பூட்டிவிடலாமா என்று ஓட்டு. படவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸை நம்பி வரும் பிள்ளைகள் நாலைந்து பேர் தினமும் தாமதம். அந்தப் பஸ்ஸின் கஷ்டம் எனக்குத் தெரியும். மறுபடியும் ஒரு பெருக்கல் குறி போட்டேன். மூன்றாவது முறை ஓவிய வகுப்பு நேரத்தைக் கணக்குக்குக் கொடுப்பது. அதற்கும் போட்டேன். அன்று பதினான்காவது சீட்டைப் பார்த்ததும் ஓர் ஆசிரியை அழுதேவிட்டார். நான்காவது எதற்கு என்று மறந்துவிட்டது. ஆனால் போட்டேன்.

எப்படி எப்படியோ எண்ணிப் பார்த்தார் தலைமை ஆசிரியர். யாரோ இரண்டு சீட்டுப் போடுகிறார்கள் என்பது அவர் சந்தேகம். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனை சீட்டு வெட்டுறீங்க?"

"பதிமூணு சார்."

கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். என்னையே பார்த்தார். "சரி, போங்க" என்றார்.

ஆசிரியர்களோ அதற்குள் முடிவுக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் நாற்காலியின்மேல் கனகாம்பரமோ மல்லியோ ஒரு கண்ணி இருக்கும். பக்கத்தில் ஒரு புதுச் சாக்பீஸ் துண்டு. பதினான்காவது சீட்டு வந்துவிட்டால், பெரும்பான்மை எதுவாக இருந்தாலும், "வுட்ருங்க சார், நமக்கெதுக்கு பேஜாரு" என்று விஷயத்தையே கைவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் மிகவும் பிடித்திருந்தது. ஒரு ரெக்கார்டு கிளார்க்கின் பென்சில் கோடு பதிமூன்று பேரை வாயடைக்க வைக்கிறது. அதே சமயம் பயமும் பிடித்துக்கொண்டது. மத்தியானத்தில் ஆசிரியர் அறையில் யாரும் இல்லாதபோது பானையில் தண்ணீர் எடுக்கப் போனால், அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். அது வெறும் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். என்னாலேயே அதற்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை.

அந்த வருஷ மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு விவகாரம் வந்தது. ஆசிரியர் அறைக்கு அடுத்த அறை, அதே பின்சுவர். அந்த வகுப்புப் பிள்ளைகள் மூன்றாவது பெஞ்சில் உட்கார மாட்டேன் என்றார்கள். தலையில் யாரோ மண்ணைத் தூவுகிறார்களாம். நிமிர்ந்து பார்த்தால் யாரும் இல்லையாம். சுவருக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். ஒரு பெண் குழந்தைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. பெற்றோர் இரண்டு பேர் வந்து, பிள்ளைகளைப் போளூர் பக்கம் சேர்த்துவிடுவோம் என்று சத்தம் போட்டார்கள்.

ஒரு காலையில் பூங்காவனம் பதிவறை வாசலில் வந்து நின்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மற்றவர்கள் எதிரில் என்னை 'சார்' என்பார், தனியாக இருந்தால் 'தம்பி'.

"தம்பி, அந்த ஆறாம் கிளாஸ் ரூம்புல தெனம் மண்ணு கொட்டிகினு கீது. மூணாவது பெஞ்சு மேல மட்டும். நேத்து ஒரு கை அள்ளுனேன், இன்னிக்கி ரெண்டு கை. பெரிய சாரண்ட கொஞ்சம் சொல்லேன்."

"சொல்றேங்க்கா" என்றேன்.

சொல்லவில்லை. அந்த அறையின் பெயரை எடுத்தாலே பேய்க்கதை என்று தலைமை ஆசிரியருக்குக் கோபம் வந்துகொண்டிருந்த நேரம் அது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட மோசம். பெருக்குகிற அம்மா சொன்னார் என்று போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை என்று நாலு மாதமாக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவன்தான் நான்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியது. தலைமை ஆசிரியர் இந்தத் தடவை சீட்டுகளை நானாக வெட்ட விடவில்லை. அவர் எதிரிலேயே பதிமூன்று வெட்டச் சொன்னார். ஒவ்வொன்றின் முதுகிலும் பச்சை மையில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். டின்னைக் கவிழ்த்துத் தட்டிக் காண்பித்தார். எனக்கு உண்மையில் நிம்மதிதான். தப்பித்தோம், இத்தோடு இந்த விளையாட்டு முடிந்தது என்று நினைத்தேன்.

"கேள்வி இதுதான். ஆறாம் வகுப்பு பி அதே அறையிலதான் தொடர்ந்து நடக்கணும், பேய், பிசாசுன்னு எந்தப் பேச்சும் இனி இந்தப் பள்ளியில கூடாது. கட்டடம் உறுதியா இருக்குதுன்னு சான்று பீரோவுல இருக்குது. சம்மதமா, இல்லையா?"

சான்று இருந்தது உண்மைதான். அது இரண்டு வருஷத்துக்கு முந்தையது என்பது யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஒவ்வொருவராகப் பீரோவுக்குப் பின்னால் போய் வந்தார்கள். நடுவில் பூங்காவனம் குடத்தோடு வந்து பானையை நிரப்பிவிட்டுப் போனார். கூட்டம் நடக்கும்போதெல்லாம் அவர் தண்ணீர் வைப்பது வழக்கம், அதனால் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

டின்னைத் திறந்தேன். பச்சைச் சுருக்கொப்பத்தோடு ஒன்று, இரண்டு என்று வந்துகொண்டிருந்தது. சரி பதினொன்று, பெருக்கல் இரண்டு. பதிமூன்று. மூச்சு விட்டேன். டின்னைக் கவிழ்த்தேன். அடியில் இன்னும் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அது விடைத்தாள் அல்ல. தினக் காலண்டரில் கிழித்த தாள், நான்காக மடித்தது. லேசாக ஈரம். பச்சை மை இல்லை. பென்சிலும் இல்லை. ஒரு விரல் அகலத்துக்கு, வெள்ளையாக, குறுக்கும் நெடுக்கும் இரண்டு இழுப்பு. பெருக்கல் குறி. தொட்ட இடத்தில் வெள்ளைப் பொடி என் கையில் ஒட்டியது.

"சாக்பீஸ் பொடி" என்றார் ருக்மாங்கதன். அவருடைய குரலே மாறிவிட்டது. "அவரு விரலு."

நாற்காலி நடுங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆசிரியை எழுந்து வெளியே ஓடினார். எல்லோரும் பயந்தார்கள், ஆனால் என் அளவுக்கு யாரும் பயந்திருக்க முடியாது. முந்தைய நான்கும் நான் போட்டவை. இது நான் போட்டதில்லை. நான் பொய்யாகக் கூப்பிட்ட ஆள் நிஜமாகவே வந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தத் தாளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

தலைமை ஆசிரியர் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"செத்தவங்களுக்கு இந்தப் பள்ளியில ஓட்டு இல்லைங்க. பதினொண்ணுக்கு ரெண்டு. வகுப்பு அங்கேயே நடக்கும்."

அந்தத் தாளையும் சேர்த்துக் கவரில் போட்டு ஒட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் செய்தது சரி. என் பொய்யை முறியடிக்கத்தான் அவர் இத்தனை பாடுபட்டார். அந்தப் பொய் முன்னால் வந்திராவிட்டால், இந்தச் சீட்டை எடுத்து, யார் போட்டது, ஏன் போட்டது என்று நிச்சயம் கேட்டிருப்பார்.

சனி, ஞாயிறு எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை மூன்றாவது பீரியட், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டுக்கு மைதானத்துக்குப் போயிருந்தார்கள். ஏதோ பதிவேடு தேடுகிற சாக்கில் அந்த அறைக்குள் போனேன். வெயில் பளிச்சென்று ஜன்னல் வழியாக விழுந்திருந்தது. நான் உள்ளே கால் வைத்த நேரம் கரண்ட் போனது.

கரண்ட் போனதும் ஒரு சத்தம் நின்றது. நிற்கும்வரை அப்படி ஒரு சத்தம் இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. பள்ளியின் பின்சுவரை ஒட்டி அந்தக் கோடை விடுமுறையில் ஒரு விசைத்தறிக் கொட்டகை போட்டிருந்தார்கள். வரிசையாகத் தறிகள். பகல் முழுக்க தடக், தடக், தடக் என்று. ஆரணியில் தறிச் சத்தம் யார் காதிலும் விழாது, நம் மூச்சு நம் காதில் விழாத மாதிரிதான். அது நின்றபோது அறை அப்படியே செத்துப்போனது. அந்த அமைதிக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. மேலே எங்கோ, சர்ர்ர் என்று, யாரோ மணலை மெல்ல வழியவிடுவது மாதிரி. கொஞ்சம் நின்றது. மறுபடியும் சர்ர்ர். மூன்றாவது பெஞ்சின்மேல் வெள்ளையாக ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. தூவுகிற கை இல்லை.

ஓடிவிட வேண்டும் என்று தோன்றியது. 

"கேக்குதா தம்பி?"

திரும்பினேன். வாசலில் துடைப்பத்தோடு பூங்காவனம். உள்ளே வந்து பெஞ்சின்மேல் விரலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். விரல் வெள்ளையானது. சாக்பீஸ் இல்லை, சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, அந்தச் சீட்டு..."

"நான்தான் போட்டேன். தண்ணி வைக்க சொல்லோ, முந்தானையில முடிஞ்சி எடுத்தாந்த இந்தப் பொடிய ஈர வெரலால தொட்டுப் போட்டேன். எனக்குப் பென்சில் புடிக்க வராது."

"எப்படிக்கா உங்களுக்கு..."

"நீ போட்றத நாலு வாட்டி பாத்துகினு தான இருந்தேன். உன் ரூம்ப நான்தான கூட்றேன்? உனக்கும் ஓட்டு இல்ல, எனக்கும் இல்ல. நீ போட்ற, அது நடக்குது. சரி, நாமளும் போடுவோம்னு போட்டேன். நீ சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். நீ சொல்லல."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. நான் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாலும் நான், ஐந்தாவது பூங்காவனம், காரணம் இது என்று. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. எழுந்து, "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

பூங்காவனம் காட்டிய இடத்தில் அவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அந்த நேரம் கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. அவர் கை சுவரோடு சேர்ந்து நடுங்கியதை நான் பார்த்தேன். சுண்ணாம்பு உதிர்ந்ததும் நாற்காலி நடுங்கியதும் இதனால்தான். ஏகாம்பரம் சார் இருந்தபோது அதில் ஆள் உட்கார்ந்திருப்பார், கொட்டகையும் இல்லை. காலி நாற்காலி நடுங்குவதைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

மைதானத்திலிருந்து பிள்ளைகளை அவர் அறைக்குள் திரும்ப விடவில்லை. அன்றே வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போனது, ஆசிரியர் அறையும் சாமான்களோடு அப்படியே பூட்டப்பட்டது. காரணம் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "அடுத்த கூட்டத்துல நீங்களே சொல்லுங்க" என்றார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு ஒரு காலை, இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சுவர் சாய்ந்தது. கூரையும் கூடவே வந்தது. தூசி அடங்கியதும் போய்ப் பார்த்தோம். மூன்றாவது பெஞ்ச் இரண்டாக ஒடிந்து கிடந்தது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உட்காரும் அறை. ஆசிரியர் அறைப் பக்கம் சுவர் அந்த நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றுவிட்டது. நாற்காலிமேல் ஒரு கல்கூட விழவில்லை. ருக்மாங்கதன் சார் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

அடுத்த கூட்டம் மரத்தடியில். நாற்காலிகளை நான்தான் தூக்கிப் போட்டேன், அதையும் சேர்த்து. அங்கே அது நடுங்கவில்லை. எல்லோரும் அதையும் பார்த்தார்கள். "வேலை முடிஞ்சிது, போயிட்டாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். எழுந்து சொன்னேன். நாலு சீட்டு, நாலு பொய், தறி, சுவர், எல்லாவற்றையும்.   திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ருக்மாங்கதன் எழுந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர்.

"நீங்க போட்டேன்றீங்க. இந்த ஸ்கூல்ல நீங்க என்னிக்காவது ஒருத்தர எதுத்து ஒரு வார்த்தை பேசிகிறீங்களா? உங்களுக்கு எங்கேர்ந்து வந்துது அந்தத் தைரியம்? உங்க கையப் புடிச்சி அவருதான் போட வச்சாரு."

எல்லோரும் தலையசைத்தார்கள். அந்த நேரத்தில் நானும் நம்பினேன். நம்புவது சுகமாகவும் இருந்தது. பொய்யும் என்னுடையது இல்லை, பயமும் என்னுடையது இல்லை, எல்லாம் அவருடையது. என் வலது கையைப் பார்த்தேன். அது யாருடையதோ மாதிரி இருந்தது.

பூங்காவனம் தண்ணீர்ச் சொம்போடு மரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தலைமை ஆசிரியர் அவர் பக்கம் திரும்பினார்.

"அஞ்சாவது சீட்டு நீங்க போட்டது. நீங்க சொல்லுங்கம்மா."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எங் கைய ஆரும் புடிக்கல சார். நானேதான் போட்டேன். தெனம் அந்த ரூம்ப கூட்றவ நானு. எனக்குத் தெரியாதா?"

 தலைமை ஆசிரியர் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, அவர் சொன்னதைச் சொன்ன மாதிரியே, ஒரு சொல் மாற்றாமல் பச்சை மையில் எழுதினார். எழுதிவிட்டு, "உட்காருங்க" என்றார். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. பூங்காவனம் என்னைப் பார்த்தார். அப்புறம் போய், அதன்மேல் வாடிக்கிடந்த பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்திலிருந்து நான் பதினைந்து சீட்டு வெட்டினேன். எண்ணிக்கை ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஆனாலும் ஊர் ஊர்தான். புதுக் கட்டடம் வந்ததும் அந்த இடத்தில் ஏகாம்பரம் சார் படத்தை மாட்டினார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றியவர் என்று வருஷா வருஷம் மாலை போடுகிறார்கள். செத்துப்போன ஒரு வாத்தியார் ஓட்டுப் போட்டார் என்றால் நம்புகிறார்கள், உயிரோடு இருக்கிற பூங்காவனம் போட்டார் என்றால் சிரிக்கிறார்கள். அந்த மாலை வாடியதும் எடுத்துப் போட்டு, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளியவர் ஓய்வு பெறும்வரை பூங்காவனம்தான். ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் ஆத்திரமாக வரும்.

போனில் கேட்டாயே அம்மா, அந்த டின் உண்டியல் இல்லை, எங்கள் ஓட்டுப் பெட்டி. அந்த ஐந்து கவரை மட்டும் கடைசியில் அதற்குள் போட்டு வைத்தேன். மேலே இருக்கும் நாலு கவரிலும் என் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டது என் கைதானா என்று இந்த வயதிலும் சில நாள் சந்தேகம் வந்துவிடுகிறது. அடியில் இருக்கும் ஐந்தாவது கவரில் சந்தேகம் இல்லை. தீர்மானப் புத்தகத்தையும் அந்தக் கவரையும் மட்டும் எங்கேயாவது பத்திரப்படுத்து. கவரைப் பிரித்தால் காலண்டர் தாளிலிருந்து வெள்ளையாகப் பொடி உதிரும், உன் விரலில் ஒட்டும். பயப்படாதே. அது பூங்காவனத்தின் விரல்.